அலகு

கடற்காகத்தின் அலகா, இறங்கும்போது உரசிய கல்லா,
எது கடித்தது என்று வீடியோவில் தெரியவில்லை.
முன் இடது கையில், இரண்டு அலகில் ஒன்றின் நுனியில்
நகம் வெட்டிப்போட்ட துண்டளவு ஒரு பள்ளம்.
பறக்கிறது. பறக்காமல் இல்லை.
படம்தான் நடுங்குகிறது
தட்டில் வைத்த ஜெல்லி போல.
தாயின் விளிம்பு எங்கே முடிகிறது,
கடல் எங்கே தொடங்குகிறது
என்று மென்பொருள் கேட்கிறது.
எனக்கும் தெரியவில்லை.

ஆறு வாரமாக அவளை அளக்கிறோம்.
குட்டி கொழுக்கக் கொழுக்க
அவள் இடுப்பு வற்றுகிறது.
இங்கே நகத்துண்டு பிளாஸ்டிக் குறைந்தால்
அங்கே திமிங்கலத்தில் ஒரு சாண் மங்கிப்போகும்.

மேசையில் இரண்டு பாக்கெட்.
ஒன்று மாத்ரினில், தூண்டில் விற்கும் கடையில் வாங்கியது.
ஆரஞ்சு நுனி, பாதி விலை,
சத்தமே வராது என்று
கொட்டை எழுத்தில் சத்தம் போடுகிறது அட்டை.
மற்றது கம்பெனிப் பொருள்.
ட்ரெலேவிலிருந்து பஸ்ஸில் வந்தது,
யாருடைய பிறந்தநாள் கேக்குக்கோ அடியில்.

"பிளாஸ்டிக் பிளாஸ்டிக்தானே, எலுனெட்" என்றான் இலாரியோ.
மருந்துக்கடை ஃபெர்மீனிடம் தராசு இரவல் வாங்கினேன்,
மூச்சு விட்டால் எண் மாறுகிற தராசு.
கிராமை நூறாக்கினால்
ஆரஞ்சில் ஒன்று எண்பத்தொன்று, அதன் ஜோடி தொண்ணூற்று மூன்று.
கறுப்பில் எண்பத்தேழு. எண்பத்தேழு.
என் மூச்சைக் குற்றம் சொன்னான்.
வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி நிறுத்தேன்.
அதேதான்.

ஜோடியாக மாற்றச் சொல்கிறது தாள்.
பக்கத்தில் சும்மா இருந்ததும் வெளியே வரவேண்டும்,
ஒரு தப்பும் செய்யாதது.
எறிய மனம் வருவதில்லை.
டிராயரில் துணையில்லாத நல்லவை
இத்தோடு ஐந்து.

திருகு எள்ளளவு. கழுத்தில் நீலப் பசை,
ஒருமுறை கழற்றினால் பிடிப்பு போச்சு,
புதியதைத்தான் போடவேண்டும்.
புதியது கம்பளத்தில் விழுந்தது.
ஃபிரிட்ஜ் கதவின் பெங்குயின் காந்தத்தைப் பிய்த்துவந்து
மண்டியிட்டுத் தடவினேன்:
ஒரு குண்டூசி, போன வருடத்துத் திருகு ஒன்று,
கடைசியில் இது.
முறுக்கு, ஆனால் இறுக்காதே.
விரல் பட்டால் அலகு தானாக மடங்கவேண்டும்,
தொளதொளக்கவும் கூடாது.

கோடு போட்ட கைக்குக் கோடு போட்ட அலகு,
வெறும் கைக்கு வெறும் அலகு.
தெரியும். ஐந்து வருடமாகத் தெரியும்.
காலையில் பாறை முனையில், விரித்த கம்பளிமேல் கிளப்பினேன்.
மூன்று மூலை எழுந்தது.
நான்காவது, காற்றை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு
எழமாட்டேன் என்று குந்தியது.
கவிழ்ந்தது.
இலாரியோ சிரிக்கவில்லை,
சிரித்திருக்கலாம்.

வண்டிக்குள், மேற்குக் காற்று கதவை அறைந்துகொண்டிருக்க,
பாக்கெட்டின் மறுபாதியை மாட்டினேன்.
இந்த முறை கோட்டை இலாரியோவும் பார்த்தான்.
உரக்கச் சொன்னான்: கோடு. நான்: கோடு.
பைத்தியங்கள் மாதிரி.

பத்து நிமிடம் பறந்தது.
குட்டி அவள் தலைமேல் ஏறி உருண்டது.
ஒரு மூச்சுக்காக அவள் மேலே வந்து, கிடந்தாள்,
கண்ணாடியில் வெட்டியது போல விளிம்பு.
முதுகில் கடற்காகங்கள் கொத்திய வட்டப் புண்கள்,
போன வாரம் ஒரு வெள்ளைக் கலங்கல்,
இப்போது எண்ண முடிந்தது. ஏழு.
அகலமும் கிடைத்தது, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.
நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு.

படிவத்தில் அலகு என்ற கட்டத்தில்
சென்டிமீட்டர் என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தில் எண்ணை எழுத
கொஞ்ச நேரம் ஆயிற்று.